கைடு சாரின் நுரையீரலும் என் மீசையும்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். எங்கள் ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு, நானும் என் மனைவியும் பஸ்ஸில் தேனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னலோரம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். நான் கலங்கினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். இனி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மேகமலைக்குப் போகலாம், மூணாறுக்குப் போகலாம், கல்யாணமான புதிதில் கைக்குழந்தையோடு போக முடியாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் போகலாம். பெரியகுளம் தாண்டும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, நான் பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்."

மறக்க முடியாத அனுபவம் என்றால், ஆபத்தில் கைகொடுத்தவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. பெண்டாட்டியின் படிப்பின் மேல் பொறாமைப்பட்ட ஒரு பைப்புக் கடைக்காரனின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழனிசெட்டிபட்டியில் மோட்டார், பைப், சொட்டுநீர்ச் சாமான்கள் விற்கும் கடை எனக்கு. அவள் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உடலியல் நடத்துகிறாள். இதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது, ரத்தம் எதற்காகச் சூடாக இருக்கிறது, இதெல்லாம்தான் அந்தப் பாடம். சொந்தக்காரர்களுக்கு இது விளங்காது. விசேஷ வீடுகளில் யாராவது முழங்காலை நீட்டிக்கொண்டு, "ஆத்தா, இங்கன வலிக்குது, என்னன்னு பாரு" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அவளும் சலிக்காமல் பார்ப்பாள்.

அவள் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தபோது எனக்குச் சந்தோஷம்தான். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நானாகவே சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் அவளுடைய கைடு எங்கள் வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும்தான் இருந்தது. நுழைந்தார் என்றால் கால் வைத்து அல்ல. அவர் மதுரையில் ஒரு பேராசிரியர். போன் வழியாக வந்தார், பேச்சு வழியாக வந்தார், கடைசியில் சாம்பார் வழியாகவும் வந்தார். ஒருநாள் உப்பு கம்மியாக இருக்கிறதே என்றேன். "சார் உப்பக் கொறைக்கச் சொன்னாக. நாப்பது வயசுக்கு மேல அதுதான் நல்லதாம்" என்றாள். இருபது வருடமாக நானும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றையாவது அவள் இன்னொருவரிடம் "அவுக சொன்னாக" என்று எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெண்களுக்குச் சக்களத்தி என்று ஒரு சொல் இருக்கிறது. மனசு கொதித்தால் அதை எடுத்து நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம். ஆண்களுக்கு அப்படி ஒரு சொல்லை யாரும் கொடுத்து வைக்கவில்லை. அதுவும் என் போட்டி ஒரு பட்டத்தோடு. அதைப் போய் யாரிடம் சொல்வது?

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடிவதற்கு முன்பே பெண்கள் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளாவில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். கீழே புழுக்கம், மேலே பனியும் ஈரமும், அதோடு உரமும் மருந்து வாடையும். வருடக்கணக்கில் இப்படி ஏறி இறங்குகிற உடம்பின் மூச்சு எப்படி இருக்கிறது என்று அவள் பார்க்க வேண்டும். மலையேறாமல் கீழேயே திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களுடைய மூச்சையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

அளப்பதற்கு மதுரையில் சாருடைய கல்லூரியிலிருந்து ஒரு சின்ன மிஷினைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு புது அட்டைக் குழாயைச் செருகி, வாயில் வைத்து, மூச்சை நிறைய இழுத்து, ஒரே தம்மில் கடைசி வரைக்கும் ஊத வேண்டும். எவ்வளவு காற்று வெளியே வந்தது என்று லேப்டாப்பில் கோடு போட்டுக் காட்டும். முதல் ஆளாக என்னைத்தான் உட்கார வைத்தாள். எனக்கு அதில் ஒரு பெருமை. மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்றாள். கண் பிதுங்க ஊதினேன். அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி ஊதச் சொன்னாள். அதற்கும் மறுபடி. என் வயதுக்கும் உயரத்துக்கும் வரவேண்டியதில் முக்கால் பங்குதான் வந்ததாம்.

"மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்றேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நேத்து மதுரையில வாங்கும்போது சாரே ஊதிக் காமிச்சாக. அம்பத்தாறு வயசு ஆச்சு அவுகளுக்கு, நுரையீரல் மட்டும் எளவட்டப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

கேட்டீர்களா? ஒரு மனுஷனுக்கு எதெதிலோ போட்டி வரும். அடுத்தவனுடைய வீடு, அடுத்தவனுடைய வண்டி, அடுத்தவனுடைய வியாபாரம். எனக்கு அடுத்தவனுடைய நுரையீரல் மேல் பொறாமை வந்தது. அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. பில் போடும்போதெல்லாம் ஐம்பத்தாறு வயதில் நெஞ்சை நிமிர்த்தி ஊதும் அந்த மனிதர்தான் கண் முன்னால் நின்றார். அவரை நான் இன்று வரைக்கும் நேரில் பார்த்ததில்லை. ஆள் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா ஒன்றும் தெரியாது. அவருடைய நுரையீரல் எவ்வளவு கொள்ளும் என்பது மட்டும் தெரியும்.

மறுநாளே ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். காலையில் முல்லைப் பெரியாற்றங்கரையோரம் ஓடத் தொடங்கினேன். முதலில் ஓட்டம் என்று சொல்ல முடியாது. நாய்கள்கூட என்னைத் துரத்தாமல் பரிதாபமாகப் பார்த்தன. ஆனால் விடவில்லை. எதற்காக ஓடுகிறேன் என்று அவள் கேட்டபோது, சர்க்கரை வராமல் இருப்பதற்கு என்றேன். "நல்லதுதான். ஆனா ஓடுறதால நுரையீரல் பெருசாகாது" என்றாள். இதுவும் அந்த மனிதர் கிளப்பிவிட்ட பேச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் என்னை ஊதச் சொல்வாள். நானும் வாரம் முழுக்க ஓடிய வீராப்போடு ஊதுவேன். அதே முக்கால் பங்கு. அவள் அளவைக் குறித்துக்கொண்டு மிஷினை மூடிவைப்பாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தணிந்த குரலில் சாரோடு பேசுவாள். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் கம்பத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை என்னுடையது. ஜீப்புகள் கிளம்புவதற்கு முன்பு பெண்களைப் பிடிக்க வேண்டும், அந்நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. கடைக்குச் சாமான் ஏற்றும் சின்ன வண்டியில்தான் போவோம். மிஷின் பெட்டிக்கு அடிபடக்கூடாது என்று அதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார வைத்திருப்பாள். திருப்பங்களில் ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொள்வாள். மேகமலைக்குப் போகலாம் என்று நான் போட்ட திட்டம், இப்படிப் பெட்டியோடு கம்பத்துக்குப் போவதில் முடிந்திருந்தது.

ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதை ஒட்டிய தகரக் கொட்டகையை அவளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, சாப்பாட்டுப் பையோடு வருவார்கள். ஒவ்வொருவராகக் கொட்டகைக்குள் போய் ஊதிவிட்டு வருவார்கள். சாயங்காலம் இறங்கி வந்ததும் மறுபடி ஒரு தடவை. அது வரைக்கும் நான் கம்பத்தில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெண்கள் என்னைக் "கடைக்காரண்ணே" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். ஜீப் நிறைகிற வரைக்கும் பேச்சுதான். சுருளிப்பட்டியிலிருந்து வரும் ஓர் அக்காதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. அவர் சொன்னால் ஜீப் நிற்கும், அவர் சொன்னால் கிளம்பும்.

ஒருநாள் கோம்பையிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் அந்த வழியாக வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்ன மொதலாளி, கடையப் போட்டுட்டு டாக்டரம்மாவுக்கு டிரைவராயிட்டீகளா?" என்று சிரித்தார். டீக்கடையே சிரித்தது. இருபது வருடமாக அவள்தான் "மோட்டார் கடைக்காரர் வீட்டம்மா." இப்போது நான் "டாக்டரம்மா வீட்டுக்காரர்." இத்தனைக்கும் அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை.

முதல் சில மாதங்கள் அவளுக்குக் கொண்டாட்டம். மலைக்குப் போகும் பெண்களுடைய அளவு மிகவும் குறைவாக வந்தது. ஏலத்தோட்ட வேலை மூச்சைத் தின்கிறது என்பதற்கு இது பெரிய ஆதாரம் என்று சாரும் சொன்னாராம். போனில் அவள் குரல் துள்ளியது. மிகக் குறைவாக இருந்த சில பேரிடம், "எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தடவ காமிங்கக்கா" என்று நல்ல எண்ணத்தோடு சொல்லியும் அனுப்பினாள். அதில் சுருளிப்பட்டி அக்காவும் ஒருவர்.

பிறகு கீழே வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்துப் பெண்களை அளந்தாள். அவர்களுக்கும் அதே மாதிரி குறைவு. பலசரக்குக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும் குறைவு. சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நேராகவே சொல்லிவிட்டார். ஒன்று உங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் நோயாளிகளாக இருக்க வேண்டும், இல்லை நீங்கள் அளக்கிற விதத்தில் எங்கோ கோளாறு இருக்க வேண்டும், எங்கே என்று தெரியாமல் இதை ஆய்வுக்குழு முன்னால் கொண்டுபோக முடியாது என்று. மிஷினைச் சரிபார்த்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குழு கூடுவதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அன்று அவள் புத்தகங்களையெல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். "போதுங்க. எனக்கு இது சரிப்பட்டு வராது. மிஷின வர்ற திங்கக்கெழம திருப்பிக் குடுத்துர்றேன்" என்றாள். எனக்குள் ஒரு சின்னத் திருவிழா நடந்தது உண்மை. சார் போனார், பெட்டி போனது, சாம்பாருக்கு உப்பு வரும். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் பேசவே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். "சார் சொன்னாக" என்று ஒரு தடவை சொல்லமாட்டாளா என்று எனக்கே ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மிஷினைப் பெட்டியில் வைக்கப் போனபோது, "கடைசியா ஒரு தடவ ஊதிர்றேன்" என்றேன். அவளுக்கு எரிச்சல். எனக்கோ இத்தனை மாதம் ஓடியிருக்கிறேனே என்ற ஆத்திரம். பெரியாற்றங்கரையில் மூச்சு இரைக்காமல் பாலம் வரைக்கும் போய்த் திரும்புகிறேன். அந்த மனிதரின் பக்கத்திலாவது வந்திருக்கமாட்டேனா? "சீக்கிரம் ஊதுங்க" என்று வேண்டாவெறுப்பாகக் குழாயைச் செருகிக் கொடுத்தாள். அன்று அவளுக்கு லேப்டாப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊதினேன்.

"இருங்க, இருங்க. இன்னொரு தடவ ஊதுங்க" என்றாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். நான் மறுபடி ஊதினேன். "ஐயோ, மீசை பறக்குதுங்க!" என்று கத்தினாள்.

என் மீசை கொஞ்சம் பெரியது. மேலுதட்டை முழுசாக மூடியிருக்கும். நான் ஊதும்போது அதன் ஓரத்து முடியெல்லாம் காற்றில் ஆடியிருக்கிறது. அதாவது காற்று குழாய்க்குள் போகாமல் உதட்டோரமாக வெளியே ஒழுகுகிறது. அவள் ஒரு கையால் என் கன்னத்தைப் பிடித்து, இன்னொரு கை விரல்களால் உதட்டைக் குழாயைச் சுற்றி இறுக்கிப் பொத்தினாள். "இப்ப ஊதுங்க!" ஊதினேன். லேப்டாப்பில் கோடு ஜிவ்வென்று மேலே ஏறியது. வரவேண்டிய அளவு அப்படியே வந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே வந்தது.

நான் மோட்டார் கடைக்காரன். தண்ணீர் ஏறவில்லை என்று விவசாயி வந்தால், உறிஞ்சுகிற பைப்பில் எந்த ஜாயிண்டில் காற்று பிடிக்கிறது என்றுதான் முதலில் பார்க்கச் சொல்வேன். அடுத்தவர் பைப்பில் காற்று ஒழுகுவதைக் கண்டுபிடித்தே காலத்தை ஓட்டியவனுக்கு, தன் வாயில் ஒழுகியது தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால், அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சி பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாத, அதான் கண்டுபிடிச்சுட்டேல்ல" என்றேன்.

"என்னத்தக் கண்டுபிடிச்சேன்! ஒங்களுக்கு நுரையீரல் சுருங்குற வியாதியோன்னு எத்தன மாசமாப் பயந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ஒங்ககிட்டச் சொன்னா கலங்கிருவீகன்னு சார்கிட்ட மட்டும்தான் சொல்லி அழுதேன். மதுரையில பெரிய டாக்டரு யாருகிட்டக் காட்டலாம்னு சாரும் விசாரிச்சுக்கிட்டு இருந்தாக. நீங்க என்னடான்னா மூச்சே எரைக்காம ஓடிட்டு வந்து நிக்கிறீக. ஒண்ணும் புரியாம பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு" என்றாள்.

மொட்டைமாடியில் தணிந்த குரலில் நடந்த பேச்செல்லாம் என் நெஞ்சைப் பற்றித்தான் நடந்திருக்கிறது. நான் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். நான் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க எதையுமே உதட்டுல வச்சுக் குடிக்க மாட்டீகள்ல?" என்றாள்.

எனக்கு அது சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். ஒரு பாட்டில் தண்ணீர் பத்து கை மாறினாலும் ஒரு வாய் அதில் படாது. எச்சில் பட்டால் அடுத்தவர் எப்படிக் குடிப்பார்? டீ டம்ளரைத் தவிர எதையும் நான் உதட்டில் வைப்பதில்லை, அதையும் பட்டும் படாமல்தான். அதே மாதிரி அந்தக் குழாயையும் உதட்டில் சும்மா ஒட்டவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாமலே அதில் ஒரு கூச்சம். ஜீப்பில் போகும் பெண்களும் கீழே வேலை செய்யும் பெண்களும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கியதும் ஒரே பாட்டிலைக் கைக்குக் கை மாற்றி உயரத் தூக்கிக் குடிப்பதை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். புதுக் குழாய்தான் என்று அவள் பிரித்துக் காட்டினாலும், நாலு பேர் ஊதிய மிஷின்தானே என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்திருக்கிறது. எனக்கு மீசை மறைத்தது, அவர்களுக்குத் துண்டு மறைத்தது. அடுத்தவர் முன்னால் வாயைத் திறந்து ஊத வெட்கப்பட்டு, துண்டையோ முந்தானையையோ இழுத்து வாயை மூடிக்கொண்டுதான் ஊதுவார்கள். "உதட்ட இறுக்கிக்கங்க" என்று ஒவ்வொருவரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் "சரிங்க" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். அடுத்த விடுமுறை நாளிலேயே கம்பத்துக்குப் போய் நின்றோம். ஒரு பெண்கூடக் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. சுருளிப்பட்டி அக்கா முகம் கொடுத்தே பேசவில்லை. நான் பெஞ்சிலிருந்து எழுந்துபோய்க் கேட்டேன்.

"போதும்ண்ணே ஒங்க மிசினு. எனக்கு நெஞ்சுல கோளாறுன்னு டாக்டரம்மா சொன்னாக. அது எப்பிடியோ மேல சூப்பர்வைசர் காதுல விழுந்துருச்சு. நோவு இருக்கவள எதுக்குக் கூட்டிட்டு வர்றேன்னு டிரைவரச் சத்தம் போட்டுட்டாக. ஒரு வாரம் என்னய சீப்புல ஏத்தல. இவளுக எல்லாம் இப்ப பயந்து கெடக்காளுக. நீங்க வேற ஊரப் பாருங்க" என்றார்.

என் மனைவி கொட்டகை வாசலிலிருந்து ஓடிவந்தாள். நல்லதுக்குச் சொன்னது ஒருத்தியின் வயிற்றில் அடித்துவிட்டதே என்று அவளுக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, அது தப்பான அளவுக்கா" என்று தொடங்கினாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். இன்றைக்கு விட்டால் இவர்கள் இனி வரமாட்டார்கள், அவளுடைய படிப்பு இந்த டீக்கடையோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று நான் நினைத்த படிப்புதான். ஆனாலும் அவள் அப்படி நின்றதைப் பார்க்க முடியவில்லை.

"மிஷினும் தப்பில்ல, நீங்களும் தப்பில்லம்மா. எல்லாரு வாயிலயும் காத்து ஒழுகிருச்சு. எனக்கும் அதே கோளாறுதான் வந்துச்சு. இந்தாங்க, பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மிஷினையும் லேப்டாப்பையும் கொட்டகையிலிருந்து தூக்கிவந்து டீக்கடை மேஜையில் வைத்தேன். முதலில் என் பழக்கப்படி ஊதினேன். மீசை பறந்தது. "ஏ, மீசையப் பாருடி!" என்று யாரோ சிரித்தார்கள். "இப்பப் பிடி" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். அத்தனை பேர், அதில் என் வாடிக்கையாளர்கள் வேறு. "பிடின்னா பிடி" என்றேன். அவள் நடுக்கடையில், எல்லோர் முன்னாலும், என் கன்னத்தைப் பிடித்து வாயைப் பொத்தினாள். நான் கண் பிதுங்க ஊதினேன்.

லேப்டாப்பில் கோடு மேலே ஏறியதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சுருளிப்பட்டி அக்கா சொன்னார்: "ஏ ஆத்தா, புருசன் வாயப் பொத்துறதுக்கா அம்புட்டுப் படிப்பு படிக்கிறாக? நாங்கல்லாம் படிக்காமயே பொத்துறோமே!"

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அக்காவே முதல் ஆளாக வந்து, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, தன் உதட்டைத் தானே இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினார். அவர் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. "இத அந்த சூப்பர்வைசர்கிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றார். என் மனைவி அன்றே அதே ஜீப்பில் அவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து மேலே போய், அந்த ஆளிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். மற்ற பெண்கள் அடுத்தடுத்த வாரங்களில் வந்து ஊதினார்கள். இந்தத் தடவை மலைக்குப் போகிறவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் வித்தியாசம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அது உண்மையான வித்தியாசம் என்றார் சார். குழுவும் ஒத்துக்கொண்டது.

என் அளவைச் சாருடைய அளவோடு ஒப்பிட்டால் எப்படி என்று ஒருநாள் போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டேன். "சாரோடது கொஞ்சம் கூட" என்றாள். இதைக் கொஞ்சம் மென்று விழுங்கியாவது சொல்லியிருக்கலாம். காலை ஓட்டத்தை நான் இன்னும் நிறுத்தவில்லை.

ஆனால் மறக்க முடியாதது இது எதுவும் இல்லை. அவள் சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த அன்று வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். உத்தமபாளையம் தாண்டியிருப்போம். போன காரியம் முடிந்த சந்தோஷத்தில் இருக்க வேண்டியவள் உம்மென்று வந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." கொஞ்ச தூரம் போனதும், "மேல ஒதுங்க எடமில்லன்னு அவுக பகலெல்லாம் தண்ணியே குடிக்கிறதில்லையாமே? ஜீப்புல அக்கா சொன்னாக. கடைக்காரண்ணனுக்குத் தெரியுமேன்னு சொல்றாக. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"அது ஆரம்பத்துலயே தெரியும். பின்னால ஒக்கார்ற ஆளுக்குத்தான் குளிரு அதிகம்னு தினமும் எடத்துக்குச் சண்ட வருமே, அப்பப் பேசிக்கிட்டாக. அக்கா மக நர்சிங் படிக்குது. அதயாவது மல ஏத்தக் கூடாதுன்னுதான் அவுக ஒரு நா லீவு போடாமப் போறாக" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட இத்தன மாசமா வர்றாக. பேரு, வயசு, எத்தன வருசமா மலைக்குப் போறீக. இவ்வளவுதான் நாங்க பேசியிருக்கோம். நீங்க பெஞ்சுல ஒக்காந்து டீக் குடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் வாங்கி வச்சிருக்கீக. எனக்குப் பொறாமையா இருக்கு."

வண்டியை ஓரங்கட்டலாமா என்றிருந்தது. "என்ன சொன்ன?" என்றேன்.

"காதுல விழுந்துச்சுல்ல? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இப்போது அவள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவ்வப்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, ஜீப்புல வர்ற அந்தக் கூடலூர் அக்கா என்னமோ சொன்னாகன்னீங்களே, என்னது?" என்று கேட்பாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று சொல்கிறேன், அப்போதுதானே மறுபடி கேட்பாள். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், பொறாமை வந்த பிறகுதான் அவளிடம் என்ன இருக்கிறது என்று நானும், என்னிடம் என்ன இருக்கிறது என்று அவளும் திரும்பிப் பார்த்தோம் என்று நினைக்கும்போது, அந்தப் பாழாய்ப்போன குணத்தை முழு மனசோடு திட்ட எனக்கு இன்னும் வாய் வருவதில்லை.